முன்னேறி ஆடும் டிஃபென்ஸ்மேன்: ஒரு பையனை எடைபோட்ட அனுபவம்

பதின்மூன்று வயதுப் பையன் ஒருவனை அணியில் எடுக்கலாமா என்று பார்த்து எழுதித் தரும் பொறுப்பு இந்த முறை என்னிடம் வந்தது. எங்கள் இளையோர் ஐஸ் ஹாக்கி அணிக்கு ஆள் தேர்ந்தெடுக்க உதவும் பயிற்சியாளர்களில் நானும் ஒருவன். மற்ற பிள்ளைகளைப் பற்றிப் பெரிய வாதம் எதுவும் எழவில்லை. இவனைப் பற்றி மட்டும் இரண்டு கட்சி. "இந்த வயசுல பக்கை இப்படிக் கொண்டுபோற டிஃபென்ஸ்மேன் நமக்குக் கிடைக்கிறதே அபூர்வம்" என்றார் ஒருவர். தலைமைப் பயிற்சியாளர் தலையை ஆட்டினார். "அவன் முன்னால போகும்போதெல்லாம் எனக்கு வயித்தைக் கலக்குது. பின்னால யாரு இருக்கா?"

விளையாட்டு பழக்கமில்லாதவர்களுக்குச் சுருக்கமாக: பந்துக்குப் பதில் பக் என்ற ரப்பர் வட்டு. கோல்கீப்பரைத் தவிர ஒரு பக்கம் ஐந்து பேர். மூன்று ஃபார்வர்டு, இரண்டு டிஃபென்ஸ். குறுக்கே ஓடும் இரண்டு நீலக்கோடுகள் களத்தை மூன்று பகுதியாகப் பிரிக்கின்றன. தன் அணி தாக்கும்போது டிஃபென்ஸ்காரர்கள் இருவரும் எதிரணிப் பகுதியின் நீலக்கோட்டை ஒட்டி நிற்பார்கள். பக் அந்தக் கோட்டைத் தாண்டி வெளியே வந்துவிட்டால், ஆஃப்சைடு விதிப்படி உள்ளே இருக்கும் தாக்கும் அணியினர் அத்தனை பேரும் வெளியே வந்த பிறகுதான் தாக்குதலை மறுபடி தொடங்க முடியும். அதனால் அந்தக் கோட்டில் நிற்பவன் பக்கை உள்ளேயே தக்கவைத்துக்கொண்டால் பெரிய லாபம். அதே இடத்தில் பக்கைத் தவறவிட்டால் எதிரணி ஃபார்வர்டுக்கும் நம் கோல்கீப்பருக்கும் நடுவே யாருமே இருக்க மாட்டார்கள். முன்னேறி ஆடும் டிஃபென்ஸ்மேன் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வாழ்கிறான்.

தாக்குவதும் தடுப்பதும் எதிரெதிர்க் குணங்கள், ஒன்று கூடினால் மற்றது குறையும் என்று நினைப்பவர்களிடம் நான் பாபி ஓர் கணக்கைச் சொல்வதுண்டு. வட அமெரிக்காவின் என்எச்எல் லீகில் ஒரு பருவத்தின் அதிகப் புள்ளிக்கு (கோலும், கோலுக்கு உதவிய அசிஸ்டும் சேர்ந்த கணக்கு) தரும் ஆர்ட் ராஸ் கோப்பையை வென்ற ஒரே டிஃபென்ஸ்மேன் அவர்தான், அதுவும் இரண்டு முறை. 1970-71 பருவத்தில் அவர் எடுத்த புள்ளிகள் 139. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அதே பருவத்தின் இன்னொரு எண்: +124. பவர் ப்ளே (எதிரணியில் ஒருவர் தண்டனையாக வெளியே இருக்கும் நேரம்) கோல்களைச் சேர்க்காமல், அவர் களத்தில் இருந்த நேரத்தில் அவருடைய அணி போட்டது வாங்கியதைவிட அத்தனை கோல் அதிகம். அந்தச் சாதனையை இன்றுவரை யாரும் தொடவில்லை. பக் நம்மிடம் இருக்கும் வரை எதிரணியால் கோல் போட முடியாது என்பதே அவர் ஆடிய தற்காப்பு.

பையனுடைய புள்ளிப் பட்டியலை முதலிலேயே ஓரமாக வைத்தேன். ஒரு கோலுக்கு இரண்டு பேர் வரை அசிஸ்ட் கிடைக்கும். கெட்டிக்கார ஃபார்வர்டுகளோடு ஆடுபவனும், பவர் ப்ளேயின் முதல் வரிசையில் நிற்பவனும் பெரிதாக எதுவும் செய்யாமலே புள்ளி சேர்த்துவிடலாம். "இவன் பக்கத்திலிருந்து இத்தனை கோல் வாங்கியிருக்கோம்" என்ற எதிர்க்கட்சியின் கணக்கையும் அதே ஓரத்தில்தான் வைத்தேன். சிறுவர் ஆட்டத்தில் கோல்கீப்பர் ஒரு நாள் மலையாக நிற்பான், மறுநாள் எல்லாவற்றையும் விடுவான்.

பார்க்கும் இடமும் முக்கியம். நடுக்கோட்டுக்கு நேரே உட்கார்ந்தால் கண் தானாகப் பக்கின் பின்னால் ஓடும். கோல் வலைக்குப் பின்பக்கம், கூடுமானவரை மேல் வரிசையில் போய் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் ஆட்டக்காரர்களுக்கு இடையே திறந்து மூடும் இடைவெளிகள் தெரியும். அவன் பெஞ்சிலிருந்து இறங்கியது முதல் திரும்ப ஏறும் வரை பக் எங்கே இருந்தாலும் அவனை மட்டுமே பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். ஒரு ஷிஃப்ட், அதாவது ஒரு முறை இறங்கி ஆடும் நேரம், முக்கால் நிமிடம் ஓடினால், அதில் பக் அவன் ஸ்டிக்கில் இருப்பது சில வினாடிகள்தான். மிச்ச நேரத்தில் அவன் என்ன செய்கிறான் என்பதில்தான் விடை இருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

கண்ணில் பட்ட முதல் நல்ல விஷயம் அவன் கழுத்து. எதிரணி பக்கை நம் பகுதியின் மூலைக்குள் தள்ளிவிட்டு விரட்டிக்கொண்டு வருகிறது. இவன் சுவரைப் பார்த்துச் சறுக்குகிறான், முதுகுக்குப் பின்னால் ஒரு முரட்டு ஃபார்வர்டு. பக்கைத் தொடுவதற்கு முன் இடது தோளுக்கு மேல் ஒரு பார்வை. இரண்டு அடி தள்ளி வலது தோளுக்கு மேல் இன்னொன்று. பிறகு இடப்பக்கம் திரும்பப்போகிறவன்போல் தோளைச் சாய்த்தான். துரத்தியவன் அந்தப் பக்கம் பாய்ந்தான். பையன் பக்கை வலது காலோரம் இழுத்துக்கொண்டு வலைக்குப் பின்னால் வழுக்கி, மறுபுறம் தலை தூக்கியபோது அவன் அணியின் செண்டர் (நடு ஃபார்வர்டு) சரியாக அங்கே இருந்தான். ஸ்டிக்கின் பலகையில் போய் ஒட்டுவதுபோல் ஒரு பாஸ். கூட்டம் கைதட்டவில்லை, தட்டும்படி கண்ணுக்கு எதுவும் நடக்கவுமில்லை. நான் நோட்டில் பெரிய எழுத்தில் எழுதினேன்: "தொடுவதற்கு முன்பே தெரியும்."

ஆனால் ஷிஃப்டின் கடைசி நேரத்தில், மூச்சு வாங்கும்போது, இந்தப் பழக்கம் காணாமல் போகிறது. ஒரே ஒரு பார்வை, அல்லது அதுவும் இல்லை. அப்போதுதான் நடுக்களத்தில் கண்ணை மூடிக்கொண்டு எறிகிறான். தலைமைப் பயிற்சியாளரின் வயிற்றைக் கலக்கிய தவறுகளில் பாதிக்கு மேல் களைப்பில் வந்தவை. துணிச்சலை அடக்கினால் அவை குறையாது. ஷிஃப்டைக் குறுக்கினால் குறையும்.

பக்கை இழந்த ஒவ்வொரு தடவையும் எண்ணிக்கையை விட்டுவிட்டு மூன்று கேள்விக்கு மட்டும் விடை குறித்தேன். இழப்பதற்கு முன் சுற்றிப் பார்த்தானா? பின்னால் காவல் இருந்ததா? களத்தில் எந்த இடத்தில் இழந்தான்? எதிரணி மூலையில் பாஸ் தவறினால் பெரிய நட்டமில்லை. எல்லாரும் முன்னோக்கிப் பாயத் தொடங்கிய நேரத்தில் நீலக்கோட்டுக்குப் பக்கத்தில் இழந்தால் அணியே தவறான திசையில் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டையும் ஒரே கட்டத்தில் ஒரே கோடு கிழித்துக் கணக்கிடும் தாள்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. எத்தனையோ நல்ல பிள்ளைகளை அந்தத் தாள்கள் "பக்கைக் கண்ணாடிச் சுவரில் அடித்துவிட்டுத் தப்பித்துக்கொள்" என்று பழக்கியிருக்கின்றன.

அடுத்து பிஞ்ச். எதிரணி தன் பகுதியிலிருந்து சுவரோரமாகப் பக்கை வெளியேற்றப் பார்க்கும்போது, டிஃபென்ஸ்காரன் நீலக்கோட்டை விட்டு இறங்கிப்போய் மறிப்பது. ஜெயித்தால் தாக்குதல் தொடரும், தோற்றால் இரண்டு பேர் ஒருவனை எதிர்த்து வருவார்கள். இறங்கலாமா கூடாதா என்பதை முடிவுசெய்வது மூன்றாவது ஃபார்வர்டு நிற்கும் இடம். அவன் மேலே, நீலக்கோட்டுப் பக்கம் நின்று அந்தக் காலி இடத்தை மூடத் தயாராக இருந்தால் இறங்கலாம். பையன் இறங்கியதில் நல்லதும் இருந்தது, கெட்டதும் இருந்தது. வெளியிலிருந்து பார்த்துக் காரணம் புரியவில்லை. அதனால் வீடியோவை அவனிடமே காட்டினேன்.

"இதுல ஏன் இறங்கின?"

"நம்ம மூணாவது ஆள் மேல இருந்தான் கோச். நான் போனா அவன் வந்துருவான்னு தெரியும்."

"சரி. இதுல?"

கொஞ்ச நேரம் திரையையே பார்த்தான். "இதுல பார்க்கல. பக் எனக்குக் கிடைச்சிரும்னு தோணிச்சு."

சாக்குப்போக்கு இல்லை, இன்னொருவன் மேல் பழி இல்லை. எது பார்த்துச் செய்தது, எது ஆசையில் செய்தது என்று பிரித்துச் சொல்லத் தெரிந்த பையனுக்குக் கற்றுக்கொடுக்க முடியும் என்று அப்போதே முடிவுக்கு வந்துவிட்டேன்.

அதோடு, தோற்றுப்போன பிஞ்சுக்குப் பிறகு அவன் திரும்பிய விதம். பல பிள்ளைகள் பக்கைத் துரத்தி வளைந்து ஓடுவார்கள். சிலர் ஸ்டிக்கை ஐஸில் ஓங்கி அடித்துவிட்டு மெதுவாக வருவார்கள். இவன் பக்கைப் பார்க்காமல் நடுக்களம் வழியாக நேராகத் தன் வலையை நோக்கிப் பாய்ந்தான். ஒரு தடவை கடைசி நொடியில் ஸ்டிக்கை நீட்டி எதிரணியின் பாஸை வெட்டியும்விட்டான். வேகம் இருக்கும் பிள்ளைகள் ஏராளம், அந்த வேகத்தைத் தன் கோலை நோக்கிச் செலவழிப்பவர்கள் குறைவு.

இனிக் குறைகள். எதிரணி பாய்ந்து வரும்போது பின்னோக்கிச் சறுக்கும் டிஃபென்ஸ்காரன், தனக்கும் பக் வைத்திருப்பவனுக்கும் நடுவே உள்ள இடைவெளியை இறுக்கமாக வைத்திருக்க வேண்டும். இவன் சீக்கிரமே பின்வாங்கி நீலக்கோட்டைத் தானம் செய்துவிடுகிறான். தப்பினால் காலால் பிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை. இன்று அது பலிக்கிறது. எதிரே இருப்பவர்களும் அதே வேகத்தில் வரத் தொடங்கும் வயதில் பலிக்காது. பின்னோக்கிச் சறுக்குவதிலிருந்து முன்பக்கம் திரும்பும்போது வலப்பக்கம் வெண்ணெயாகத் திரும்புகிறான். இடப்பக்கம் ஒரு அடி அதிகம் எடுக்கிறான். ஒரு வேகமான விங்கர் (ஓரத்தில் ஆடும் ஃபார்வர்டு) அதைக் கண்டுபிடித்து ஆட்டம் முழுக்க அந்தப் பக்கமாகவே வந்தான்.

ஷாட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பலம் குறைவு. ஆனால் நீலக்கோட்டின் மேல் பக்கவாட்டில் நகர்ந்து, எதிரே நிற்பவனின் கால்களுக்கு அப்பால் வழி கிடைத்த பிறகு தாழ்வாக மணிக்கட்டால் விடுகிறான். பக் வலை வரை போய்ச் சேர்கிறது, முன்னால் நிற்கும் தோழன் திருப்பிவிட வசதியாக இருக்கிறது. ஓங்கி அடித்து முழங்காலில் பட்டுத் திரும்பும் ஷாட்டைவிட எனக்கு இதுதான் வேண்டும்.

"சின்ன உருவம்" என்ற பேச்சும் வந்தது. அதற்கு என் பதில் நீளமாகவே இருந்தது. என்எச்எல் அணிகள் இளம் ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2016-இல் ஆடம் ஃபாக்ஸை 66-வது ஆளாகத்தான் எடுத்தார்கள். 2021-இல் சிறந்த டிஃபென்ஸ்மேனுக்கான நாரிஸ் கோப்பை அவருக்குப் போனது. லேன் ஹட்சனை 2022-இல் உருவத்தைப் பார்த்துத் தயங்கி 62-வது இடம் வரை விட்டுவைத்தார்கள். 2025-இல் சிறந்த புதுமுகம் அவர்தான். அதையே தொழிலாகச் செய்பவர்கள், பதினேழு பதினெட்டு வயதுக்காரர்களைப் பார்த்தே இப்படிக் கணிக்கிறார்கள் என்றால், வளர்ச்சி இன்னும் முழுதாகத் தொடங்காத பதின்மூன்று வயதில் உயரத்தை வைத்து நாம் எதை அறுதியிட முடியும்? பிறந்த மாதமும் இருக்கிறது. ஜனவரி முதல் டிசம்பர் வரை ஒரே வயதுப் பிரிவு என்றால் ஆண்டின் தொடக்கத்தில் பிறந்தவன் கிட்டத்தட்ட ஒரு வருடம் மூத்தவன். முதல் மாதங்களில் பிறந்தவர்களே அதிகம் தேர்வாகிறார்கள் என்று கனடிய ஆய்வாளர்கள் 1980-களிலேயே காட்டிவிட்டார்கள். இந்தப் பையன் ஆண்டின் கடைசியில் பிறந்தவன்.

எனக்கு இருந்த உண்மையான கவலை உடல் மோதல். அமெரிக்காவில் 2011-இலும் கனடாவில் 2013-இலும் பன்னிரண்டு வயது வரை பாடி செக்கிங் (பக் வைத்திருப்பவனை உடம்பால் இடிப்பது) கூடாது என்று விதியை மாற்றினார்கள், பிள்ளைகளின் தலைக்காயத்தைக் குறைக்க அது மிகவும் தேவையான மாற்றம். எங்கள் பிரிவிலும் பாடி செக்கிங் இனிமேல்தான் தொடங்குகிறது. முதுகில் இடி விழும் என்று தெரிந்தே மூலைக்குப் போய் பக்கை எடுக்கும் நிலை இவனுக்கு இதுவரை வந்ததில்லை. தோளுக்கு மேல் பார்க்கும் பழக்கம் அங்கே அவன் உடம்பையும் காப்பாற்றும். பயத்தில் அந்தப் பார்வை நின்றுபோனால் அவன் ஆட்டமே மாறிவிடும். இதையும் அறிக்கையில் அப்படியே எழுதினேன்.

அவன் அம்மா ஒரு நாள் கேட்டார்: "இவ்ளோ முன்னால போறான்னா ஃபார்வர்டாவே ஆடட்டுமே சார்?" வேண்டாம் என்றேன். ஃபார்வர்டுக்கு முதுகுக்குப் பின்னாலிருந்து பாஸ் வரும், அவன் சுவரோரம் நின்று திரும்பி வாங்க வேண்டும். இவனுடைய பலம் ஆட்டம் முழுவதும் தன் கண்ணுக்கு முன்னால் விரிவது. அந்த இடத்தை அவனிடமிருந்து பறித்தால் நல்ல டிஃபென்ஸ்மேன் ஒருவன் போய், சுமாரான விங்கர் ஒருவன் மிஞ்சுவான்.

"எடுக்கலாம்" என்றே எழுதிக் கொடுத்தேன். நிதானமாகப் பின்னால் நிற்கும் ஒருவனை ஜோடியாகப் போட வேண்டும், ஷிஃப்ட் குறுகியதாக இருக்க வேண்டும், பெஞ்சிலிருந்து "பின்னால நில்லு" என்று யாரும் கத்தக் கூடாது என்று சேர்த்தேன். தலைமைப் பயிற்சியாளர் உடனே சரி சொல்லவில்லை. தோற்ற பிஞ்சுக்குப் பிறகு அவன் திரும்பி ஓடும் வீடியோத் துண்டுகளைப் போட்டுக் காட்டினேன். அவற்றைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, "சரி, கத்த மாட்டேன். ஆனா ஒவ்வொரு தடவையும் 'மூணாவது ஆளைப் பார்த்தியா?'ன்னு கேட்பேன்" என்றார். எனக்கும் அதைவிட நல்ல கேள்வி தெரியாது.

இப்போது அவன் அணியில் இருக்கிறான். பயிற்சிக்கு முன் இடப்பக்கத் திருப்பத்தை மட்டும் தனியாகச் செய்கிறான். முதலில் பக் இல்லாமல், பிறகு பக்கோடு, பிறகு எதிரே ஒருவன் வேகமாக வரும்போது. பாடி செக்கிங்கோடு ஆட்டங்கள் தொடங்கியதும் மறுபடி கோல் வலைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறேன். அப்போது முதலில் பார்க்கப்போவது, மூலையில் பக்கைத் தொடுவதற்கு முன் அவன் தலை இன்னும் இரண்டு பக்கமும் திரும்புகிறதா என்பதை.