வண்டி முதலில் டிரைவரிடம்தான் சொல்லும்

2003-ல் மதுரையில் ஆக்டிங் டிரைவராக வேலைக்கு இறங்கினேன். ஆக்டிங் டிரைவருக்குச் சொந்த வண்டியும் கிடையாது, நிரந்தர ஓனரும் கிடையாது. யாருக்கு ஆள் தேவையோ அவர் கூப்பிடுவார். போய்ச் சாவியை வாங்கி, ட்ரிப்பை முடித்து, பேட்டாவை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டும். இன்று ஒரு வண்டி, நாளைக்கு வேறொன்று. இந்த வண்டிக்கு இன்ன நோவு இருக்கிறது என்று சாவி கொடுக்கும்போது யாரும் சொல்ல மாட்டார்கள். மாட்டுத்தாவணியில் கிளம்பி ஒத்தக்கடை தாண்டுவதற்குள் நாமே கண்டுபிடித்தாக வேண்டும். கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது, பிரேக் எவ்வளவு இறங்குகிறது, ஸ்டீயரிங் எந்தப் பக்கம் இழுக்கிறது, மூன்றாவது கியரில் என்ன சத்தம் வருகிறது. பின்சீட்டில் இருப்பவர்கள் பாட்டுக் கேட்டுக்கொண்டு வருவார்கள். நமக்கு அந்தத் தூரம் முழுவதும் காது இஞ்சினில்தான் இருக்கும்.

அப்படி ஐந்து வருடம் ஓட்டிய பிறகு, 2008-ல் ஒரு டிராவல்ஸ் ஓனரிடம் மாதச் சம்பளத்துக்குச் சேர்ந்தேன். நல்ல மனிதர். தீபாவளிக்கு என் பிள்ளைகளுக்கும் சேர்த்துத் துணி எடுத்துக் கொடுப்பார். அவரிடம் இருந்த டீசல் வண்டி ஒன்றை எனக்கென்று ஒதுக்கினார். மூன்று வருடம் பெரிய தொந்தரவு எதுவும் இல்லாமல் ஓடியது. 2011 ஏப்ரலில் ரேடியேட்டரில் தண்ணீர் குறைய ஆரம்பித்தது. காலையில் திறந்து பார்த்தால் அரை லிட்டர் குறைந்திருக்கும். ஊற்றி நிரப்புவேன், மறுநாளும் குறைந்திருக்கும். வண்டிக்கு அடியில் ஒரு சொட்டுகூட இருக்காது. கீழே ஒழுகினால் டியூபோ ரேடியேட்டரோ என்று தெரிந்துவிடும். ஒழுகாமல் குறைகிறது என்றால் தண்ணீர் இஞ்சினுக்குள்ளேதான் எங்கோ போகிறது. அதுதான் பயம்.

"அண்ணே, தினமும் தண்ணி குறையுது. ரெண்டு நாள் வண்டியை நிறுத்தி ஹெட்டைப் பாத்துருவோம்ண்ணே" என்றேன். ஹெட் என்றால் இஞ்சினின் மேல்மூடி.

"சீசன் முடியட்டும்ப்பா. மே மாசம் பூரா புக்கிங் இருக்கு. தண்ணியை மட்டும் கவனிச்சுக்க."

மே மாதம் இரண்டாவது வாரம் கொடைக்கானல் ட்ரிப். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், அவர் மனைவி, மகள், பேரப்பிள்ளைகள். வருடத்துக்கு நான்கைந்து தடவை எங்கே போனாலும் என்னைத்தான் கேட்பார். அதிகாலையில் கிளம்பியிருந்தால் இவ்வளவு வந்திருக்காது. அவர்கள் கிளம்பும்போது மணி பத்தாகிவிட்டது. வாடிப்பட்டி, நிலக்கோட்டை, வத்தலக்குண்டு வரை இஞ்சின் சூட்டைக் காட்டும் முள் அசையவில்லை. காட்ரோட்டில் மலை ஆரம்பித்ததும் மெதுவாக ஏறியது.

மலை ஏறும்போது இஞ்சினுக்கு வேலை அதிகம், வண்டி ஓடும் வேகம் குறைவு. அதனால் ரேடியேட்டரில் அடிக்கும் காற்றும் குறைவு. ஏசி வேறு ஓடிக்கொண்டிருக்கும். ரேடியேட்டர் மூடி தண்ணீரை அழுத்தத்தில் பிடித்து வைத்திருப்பதால் 100 டிகிரி தாண்டியும் அது கொதிக்காமல் நிற்கிறது. 120 டிகிரி வரைகூடத் தாங்கும். எங்காவது கசிந்து அழுத்தம் போய்விட்டால் அந்தத் தாங்கும் சக்தியும் போய்விடும். இதெல்லாம் ஆரப்பாளையத்தில் பட்டறை வைத்திருந்த பாய் எனக்குச் சொல்லிக் கொடுத்தது. ஏசியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட்டேன். ஹீட்டர் இஞ்சினின் சூட்டைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளும். வண்டிக்குள் இருப்பவர்களுக்கு வேதனைதான். ஆனால் பல தடவை அது வண்டியைக் காப்பாற்றியிருக்கிறது.

டம் டம் பாறை நெருங்கும்போது முள் சட்டென்று கீழே இறங்கியது. சூடு குறைந்துவிட்டது என்று நம்பி அடுத்த இரண்டு வளைவை ஏறிவிட்டேன். என் பங்குக்கு நான் செய்த தவறு அதுதான். சூட்டை அளக்கும் சென்சார் தண்ணீரில் மூழ்கி இருந்தால்தான் சரியாகச் சொல்லும். தண்ணீரே இல்லாமல் ஆவியில் நின்றால் பொய் சொல்லும். அன்று முள் இறங்கியதற்குக் காரணம் உள்ளே தண்ணீர் தீர்ந்துபோனதுதான். வெள்ளைப் புகை வந்த பிறகுதான் எனக்கு அது புரிந்தது. ஓரம் கட்டி நிறுத்தினேன்.

மூடியைத் திறக்கவில்லை, பச்சைத் தண்ணீரும் ஊற்றவில்லை. கொதிக்கும் இஞ்சினில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் ஹெட்டில் விரிசல் விழுந்துவிடும். முக்கால் மணி நேரம் கழித்து ஆயில் குச்சியை இழுத்துப் பார்த்தேன். ஆயில் டீ நிறத்தில் இருந்தது. ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது, ஹெட்டுக்குக் கீழே இரண்டையும் கலக்கவிடாமல் பிடித்திருக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. இனி இது ஓடாது.

அந்த இடத்தில் போனில் சிக்னல் வந்து வந்து போனது. மேலே போகும் வேன்களை நிறுத்திக் கெஞ்சி, ஒரு வேனில் அவர்களை ஏற்றி அனுப்பினேன். வாத்தியார் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பேரனுக்கு வெயிலில் வாந்தி வந்திருந்தது. அவன் வாயைத் துடைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு ஏறினார். அதற்குப் பிறகு அவர் என்னைக் கூப்பிடவே இல்லை.

வண்டியைக் கட்டி இழுத்து மதுரைக்குக் கொண்டுவந்தோம். ஹெட் வளைந்திருந்தது. லேத்தில் கொடுத்து பேசிங் பண்ணி, அதாவது சமமாகச் சீவி, கேஸ்கெட் செட், வாட்டர் பம்ப், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 27,500 ரூபாய். "முள்ளைப் பாக்காம ஓட்டிட்டியேப்பா" என்றார் ஓனர் அண்ணன். நான் ஏப்ரலில் சொன்னதை ஞாபகப்படுத்தினேன். அவர் மறுக்கவில்லை. ஆனாலும் சம்பளத்தில் மாதம் 2,000 வீதம் நான்கு மாதம் பிடித்தார். அப்போது என் சம்பளம் 6,500. வண்டி பட்டறையில் நின்ற ஒன்பது நாளும் பேட்டா இல்லை. ஒரு டிரைவர் வீட்டில் அடுப்பு எரிவது பேட்டாவில்தான். சம்பளம் வாடகைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்விடும். அந்த மாதம் மனைவியின் கம்மல் அடகுக்குப் போனது.

வண்டி படுத்தால் ஓனருக்கு நஷ்டம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அவருக்கு நஷ்டம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ரோட்டில் நிற்பவன், திட்டு வாங்குபவன், மூன்று வருடம் சேர்த்த நல்ல பேரை ஒரே மதியத்தில் இழப்பவன் டிரைவர். அந்தப் பேருக்கு எந்த பில்லிலும் இடம் இல்லை.

2017-ல் கடன் வாங்கி நானே ஒரு வண்டி எடுத்தேன். ஐந்து வருடம் ஓடிய டீசல் கார், மஞ்சள் போர்டு. மாதம் 11,200 டியூ. மீட்டரில் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கிலோமீட்டர் காட்டியது. "எல்லாம் மாத்தியாச்சு" என்று விற்றவர் சொன்னார். என்ன மாற்றினார், எப்போது மாற்றினார் என்பதற்கு ஒரு ரசீதுகூட இல்லை. பாய் பார்த்துவிட்டு, "டைமிங் பெல்ட் எப்ப மாத்துனதுன்னு தெரியலேன்னா, மாத்தலேன்னே வச்சுக்கங்க தம்பி. எட்டாயிரம் ஆகும்" என்றார். இஞ்சினின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூடவைக்கும் பெல்ட் அது. "ரெண்டு டியூ கட்டிட்டு வர்றேன் பாய்" என்றேன். ஒரு வருடம் போய்விட்டது. நடுவில் இன்னொரு தடவையும் ஞாபகப்படுத்தினார்.

2018 நவம்பரில் நாகர்கோவிலில் ஆளை இறக்கிவிட்டு, இரவில் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். விருதுநகர் தாண்டி, கள்ளிக்குடிக்கு முன்னால், மணி ஒன்றரை இருக்கும். கீழே ஒரு தட்டல். அவ்வளவுதான், இஞ்சின் அணைந்துவிட்டது. ஸ்டீயரிங் கனத்தது, பிரேக் கல்லாக இறுகியது. பின்னால் லாரிகள் வரும் நாலுவழிச்சாலை. ஓடின வேகத்திலேயே உருட்டி இடது ஓரத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். செல்ப் எடுத்துப் பார்த்தால் வழக்கமான இழுவை இல்லை, மிக்ஸி மாதிரி லேசாகச் சுற்றியது. அந்தச் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது, பெல்ட் அறுந்துவிட்டது.

முக்கோணத்தை நன்றாகத் தள்ளி வைத்துவிட்டு 1033-க்குப் போன் போட்டேன். தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றால் கூப்பிட வேண்டிய எண் அது. நம் ஆட்களில் பலருக்கு இன்னும் தெரியவில்லை, அதனால் சொல்கிறேன். ரோந்து வண்டி வந்து, என் காரை ரோட்டிலிருந்து நன்றாக ஒதுக்கி நிறுத்த உதவி செய்தார்கள். பிறகு விடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

இந்த மாதிரி இஞ்சினில் பெல்ட் அறுந்தால் பெல்ட்டோடு போவதில்லை. வால்வுகள் மூடாமல் நின்றுவிடும், பிஸ்டன் மேலே வந்து அவற்றை அடித்து வளைத்துவிடும். எனக்குப் பதினாறு வால்வும் போச்சு. 54,000 ரூபாய், பதினொரு நாள் பட்டறை. இன்சூரன்ஸில் கிடைக்குமா என்று விசாரித்தேன். சாதாரண பாலிசியில் விபத்துக்குத்தான் பணம், தேய்மானத்துக்கும் இஞ்சின் கோளாறுக்கும் கிடையாது என்றார்கள். பாலிசித் தாளில் அது இருக்கிறது, நான்தான் அதுவரை படிக்கவில்லை.

"ரெண்டு டியூ கட்டிட்டு வர்றேன்" என்ற என் பேச்சும் "சீசன் முடியட்டும்ப்பா" என்ற ஓனர் அண்ணன் பேச்சும் வேறு வேறு இல்லை. கள்ளிக்குடி ரோட்டோரத்தில் உட்கார்ந்திருந்த அந்த இரவில் அது உறைத்தது. அவருக்கும் ஒரு டியூ தேதி இருந்திருக்கும். அவர்மேல் ஏழு வருடமாக இருந்த கோபத்தில் பாதி அங்கேயே குறைந்துவிட்டது. மீதிப் பாதி இன்னும் இருக்கிறது. நான் தள்ளிப்போட்டதற்கு நான் கட்டினேன். அவர் தள்ளிப்போட்டதற்கும் நான்தான் கட்டினேன்.

எனக்கு முந்திய தலைமுறை டிரைவர்கள் அம்பாசிடரைப் பற்றிப் பேசினால் கண் விரியும். பேன் பெல்ட் அறுந்தால் கயிறு திரித்துக் கட்டி அடுத்த ஊர் வரை வந்துவிடுவார்களாம். 2014-ல் அந்த வண்டியின் தயாரிப்பே நின்றுவிட்டது. இப்போது வருகிற வண்டிகளில் சில சென்சார்கள் கெட்டாலே மஞ்சள் விளக்கு எரிந்து, இழுவை குறைந்து, வேகமெடுக்க மறுக்கிறது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு, பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் வண்டிகளில் கரியைப் பிடிக்கும் பில்டர் ஒன்று இருக்கிறது. ஊருக்குள்ளேயே பெரியார், சிம்மக்கல் என்று சின்னச் சின்ன ஓட்டமாக ஓட்டினால் அது அடைத்துக்கொள்ளும். நாலுவழிச்சாலையில் கொஞ்ச தூரம் ஒரே வேகத்தில் ஓட்டினால்தான் அந்தக் கரி எரிந்து சுத்தமாகும். இதை வண்டி வாங்கும்போதே சொல்லிக் கொடுத்தால் எத்தனையோ பேர் பில்டருக்குப் பணம் கட்டாமல் தப்பித்திருப்பார்கள். பழைய டிரைவர்களின் கைவேலை இந்த வண்டிகளில் செல்லாது. ஆனால் அவர்களுடைய காது இன்னும் செல்லும். வண்டி மாறினாலும், கெட்டுப்போவதற்கு முன்னால் அது ஏதாவது ஒரு விதத்தில் சொல்லத்தான் செய்கிறது. ஒரு வாடை, ஒரு அதிர்வு, காலையில் குறைந்திருக்கும் அரை லிட்டர் தண்ணீர்.

இப்போது என் வண்டியின் டேஷ்போர்டில் நாற்பது பக்க நோட்டு ஒன்று இருக்கிறது. எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில் என்ன மாற்றினேன் என்று எழுதி, ரசீதை அதிலேயே ஒட்டிவிடுவேன். பெல்ட், கூலண்ட், பிரேக் ஆயில் எல்லாம் அதில் உண்டு. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நாள்பட்டதை வைத்துக்கொண்டு கொடைக்கானலில் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் அது கொதித்து, பெடல் பஞ்சாக இறங்கிவிடும். ஏறின கியரிலேயே இறங்கு என்று பெரியவர்கள் சொன்னது அதனால்தான். கடைசிப் பக்கத்தை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறேன். எனக்கு முதுகுவலி வந்த பிறகு வாரத்தில் மூன்று நாள் உசிலம்பட்டிப் பக்கத்துத் தம்பி ஒருவன் ஆக்டிங் ஓட்டுகிறான். அந்தப் பக்கம் அவனுக்கு.

போன ஆவணியில் ஒரு நாள் அதில் எழுதியிருந்தான். "முன் இடது வீல். அறுபதுக்கு மேல் ஊளைச் சத்தம். வலது பக்கம் திருப்பினால் கூடுது." மறுநாள் காலை நான்கு மணிக்குத் திருப்பரங்குன்றம் முகூர்த்த ட்ரிப், முன்பணம் வாங்கியிருந்தேன். நான் ஓட்டிப் பார்த்தபோது சத்தம் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. தம்பியிடம் மறுபடி கேட்டேன். "இருக்குண்ணே, நேத்தைவிட இன்னைக்குக் கூட" என்றான்.

ட்ரிப்பை மேலூரில் இருக்கும் நண்பருக்கு மாற்றிவிட்டு, முன்பணத்தையும் அவரிடம் கொடுத்துவிட்டேன். பாயின் மகன் வீலைக் கழற்றினார். பேரிங்கைக் கையில் வைத்துச் சுற்றியபோது உள்ளே மணல் அரைபடுகிற மாதிரி இருந்தது. தம்பிக்கு அன்றைக்கான பேட்டாவை எப்போதும்போலக் கொடுத்தேன். ஓட்டாத நாளுக்கு எதுக்குண்ணே என்று வாங்கத் தயங்கினான். சட்டைப்பையில் வைத்துவிட்டு வந்தேன்.