பவளமல்லித் தண்டின் நான்கு மூலைகள்

2022-இல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தேன். உயிரியல் எடுத்த எல்லோரையும் போல எனக்கும் டாக்டர் கனவுதான். நீட் எழுதிவிட்டு வெளியே வந்த அன்றே கிடைக்காது என்று தெரிந்துவிட்டது. இன்னொரு வருஷம் கோச்சிங் அனுப்ப வீட்டில் வசதி இல்லை. அரசுக் கலைக் கல்லூரிக் கலந்தாய்வில் என் மார்க்குக்கு பி.எஸ்சி. தாவரவியல் கிடைத்தது, சேர்ந்துவிட்டேன். "செடி கொடி படிச்சு என்ன பண்ணப் போறே?" என்று அத்தை கேட்டார். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை.

முதல் செமஸ்டர் முழுக்க அழுகைதான். ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ் வழியில் படித்தவள் நான். கல்லூரியில் எல்லாம் ஆங்கிலம். பாசிகள், பூஞ்சைகள் என்று பள்ளியில் படித்த அதே பாடம்தான், ஆனால் மேடம் கரும்பலகையில் எழுதும்போது புது உலகமாக இருக்கும். எப்படிப் படித்தேன் என்றால், ஒவ்வொரு பக்கத்துக்கும் எதிரே தமிழில் எழுதிக்கொள்வேன். பிளஸ் டூ தமிழ் வழி உயிரியல் புத்தகத்தைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது கைகொடுத்தது. பாடம் முதலில் தமிழில் புரிந்துவிட்டால் ஆங்கிலத்தில் எழுதுவதற்கு வாக்கியம் மட்டும்தான் பாக்கி. அந்த செப்டம்பரில்தான் அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் தொடங்கியது. ரெகார்டு நோட்டு, லேப் கோட், டிசெக்‌ஷன் பாக்ஸ் எல்லாம் அந்தப் பணத்தில் வாங்கியதுதான். வீட்டில் கேட்காமல் வாங்க முடிந்தது என்பது எனக்குப் பெரிய விஷயம்.

இருந்தும் துணைப் பாடமான அலைடு கெமிஸ்ட்ரியில் அரியர் விழுந்தது. மேஜர் பாடம்தான் முக்கியம், அலைடு எப்படியாவது பாஸ் ஆகிவிடலாம் என்று நினைத்தது என் தப்பு. அடுத்த செமஸ்டரில் இரண்டு பேப்பரையும் சேர்த்து எழுதி முடித்தேன்.

லத்தீன் பெயர்கள் என்னை ரொம்பப் பயமுறுத்தின. அதற்கு வழி காட்டியவர், தாவரங்களை வகைப்படுத்தும் டாக்ஸானமி பாடம் எடுத்த சார். "பேரை மனப்பாடம் பண்ணாதீங்கம்மா, அர்த்தம் கேளுங்க" என்பார். தும்பைக்கு லூக்காஸ் ஆஸ்பெரா. லூக்காஸ் கிரேக்கத்தில் வெண்மையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது, ஆஸ்பெரா என்றால் சொரசொரப்பு. தும்பைப் பூவையும் இலையையும் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இதை மறக்க முடியுமா? அம்மான் பச்சரிசி யூஃபோர்பியா ஹிர்ட்டா, ஹிர்ட்டா என்றால் ரோமம் உள்ளது. மூக்கிரட்டை போயர்ஹாவியா டிஃப்யூசா, பரவிக் கிடப்பது. நான் பிறந்ததிலிருந்து மிதித்து நடந்த செடிகள்தான் எல்லாம். அவற்றைப் பார்த்தவர்கள் நம் ஊரில் வைத்த பெயரும் எங்கோ ஐரோப்பாவில் வைத்த பெயரும் ஒரே இலையைத் தடவிப் பார்த்துத்தான் வந்திருக்கின்றன. அது தெரிந்த பிறகு பயம் போய்விட்டது.

ஆனால் என்னை இந்தப் படிப்போடு கட்டிப்போட்டது இரண்டாம் வருஷத்து அனாடமி (தாவர உள்ளமைப்பு) பிராக்டிகல். செக்‌ஷன் எடுப்பது, அதாவது மைக்ராஸ்கோப்பில் பார்க்கத் தண்டை மெல்லிசாகச் சீவி எடுப்பது, கேட்கச் சுலபம். தண்டை இடது கையில் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். பிளேடைத் தண்ணீரில் நனைத்து, குறுக்காக, தன் பக்கம் இழுத்து ஒரே வீச்சில் சீவ வேண்டும். அறுக்கக் கூடாது. முதல் நாள் நான் வெட்டியதெல்லாம் வெங்காய வடகம் மாதிரி தடி தடியாக விழுந்தது. மைக்ராஸ்கோப்பில் வைத்தால் ஒரே இருட்டு. அப்புறம் ஒன்று கொஞ்சம் தேறியது. கறுப்பு விளிம்போடு அழகாக ஒரு வட்டம் தெரிந்தது. செல் என்று நினைத்து ரெகார்டில் வரைந்தே விட்டேன். மேடம் குனிந்து பார்த்துவிட்டு, "இது காத்துக் குமிழிம்மா" என்றார். கவர் ஸ்லிப்பைத் தட்டையாகப் போடாமல், ஒரு ஓரத்தைத் தொட்டு, ஊசியால் தாங்கி மெதுவாக இறக்கச் சொல்லிக் காட்டிக் கொடுத்தார்.

ஒரு வாரம் கழித்துப் பவளமல்லித் தண்டு கொடுத்தார்கள். எங்கள் வாசலில் அந்த மரம் இருக்கிறது. விடியற்காலையில் கொட்டிக் கிடக்கும் பூவைக் கூட்டி அள்ளுவது சின்ன வயதிலிருந்து என் வேலை. இளங்கிளை உருண்டையாக இல்லாமல் நான்கு மூலையாக இருப்பது கைக்குத் தெரியும், ஏன் என்று யோசித்ததில்லை. அன்று முப்பது நாற்பது சீவல் சீவி வாட்ச் கிளாஸ் தண்ணீரில் மிதக்கவிட்டேன். இருக்கிறதா இல்லையா என்று தெரியாத மாதிரி ஒன்று மிதந்தது. அதைப் பிரஷ்ஷால் எடுத்து, சஃப்ரனின் சாயத்தில் ஊறவைத்து, கழுவி, கிளிசரின் விட்டு மூடினேன். நடுவே, தண்ணீரைக் கடத்தும் திசுவான சைலம் சிவப்பு வளையமாக நின்றது. அதற்கு வெளியே, நான்கு மூலைகளிலும், தோலுக்கு அடியில் உள்ள புறணிக்குள் தனித்தனியாக நான்கு வாஸ்குலக் கற்றைகள், அதாவது தண்ணீரும் உணவும் போகும் திசுக்களின் கட்டுகள். அவை தலைகீழாக வேறு இருந்தன. வழக்கமாக உள்பக்கம் இருக்கும் சைலம் இவற்றில் வெளிப்பக்கம். பத்து நிமிஷம் கண்ணை எடுக்கவில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் முதலில் மரத்தைத்தான் போய்ப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு பிராக்டிகல் நாட்கள் எனக்குத் திருவிழா மாதிரி. செல் பயாலஜியில் வெங்காய வேர் நுனி. தண்ணீர் நிரம்பிய பாட்டில் வாயில் வெங்காயத்தை உட்கார வைத்தால் இரண்டு மூன்று நாளில் வேர் விடும். காலையில் நுனியை வெட்டி, அசிட்டோகார்மின் சாயம் விட்டு லேசாகச் சூடு காட்டி, கவர் ஸ்லிப்பின் மேல் கட்டை விரலால் அழுத்தினால் செல்கள் பரவும். அதிர்ஷ்டம் இருந்தால் குரோமோசோம்கள் இரண்டு பக்கமும் இழுபடும் கட்டம் கண்ணில் படும். வெங்காயத்துக்கு மொத்தம் 16. அப்போதுதான் சார் ஜானகி அம்மாளைப் பற்றிச் சொன்னார். 1897-இல் தலச்சேரியில் பிறந்து, சென்னை ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, அமெரிக்கா போய் ஆராய்ச்சி செய்துவிட்டுத் திரும்பி, கோயம்புத்தூரில் கரும்பின் குரோமோசோம்களை எண்ணிக்கொண்டிருந்தவர். பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் எண்களைத் தொகுத்து 1945-இல் இங்கிலாந்து விஞ்ஞானி டார்லிங்டனோடு சேர்ந்து புத்தகம் வெளியிட்டவர். அத்தை கேட்ட கேள்விக்குப் பதில் எனக்கு அன்று கிடைத்தது.

செடிகளை உலர்த்தி ஒட்டிச் சேகரிக்கும் ஹெர்பேரியத்துக்கு அப்பாதான் துணை. அவர் கூலி வேலைக்குப் போகும் வரப்பில் உள்ள ஒவ்வொரு பூண்டுக்கும் பெயர் சொல்வார். செடியைப் பூவோடும் வேரோடும் எடுத்து, தினத்தாள்களுக்கு நடுவே பரப்பி, மேலே கல் வைத்து, தினம் தாளை மாற்ற வேண்டும். ஒருநாள் மாற்ற மறந்தாலும் பூசணம் பிடித்துவிடும். மழைக்காலத்தில் எனக்கு ஐந்து செடி அப்படி வீணானது. காய்ந்ததும் ஷீட்டில் ஒட்டி, தாவரப் பெயர், குடும்பம், உள்ளூர்ப் பெயர், இடம், தேதி, சேகரித்தவர் என்று லேபிள் எழுத வேண்டும். உள்ளூர்ப் பெயர் முழுக்க அப்பா சொன்னது. சேகரித்தவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதும்போது கை நடுங்கியது.

மூன்றாம் வருஷம், ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் தேர்வு எழுதினேன். பயோடெக்னாலஜி தாளில் உயிரியலோடு வேதியியல், கணிதம், இயற்பியலும் கேட்பார்கள். அலட்சியமாக விட்ட அலைடு கெமிஸ்ட்ரியை மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டி வந்தது. ரேங்க் போதவில்லை. சேரப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இது ஒன்றுதான்: அலைடு பேப்பரை முதல் நாளிலிருந்தே படியுங்கள்.

கடைசி பிராக்டிகலில் சீட்டு எடுத்தபோது மூக்கிரட்டை வந்தது. நடுவில் இரண்டு பெரிய கற்றைகள், சுற்றி வளையம் வளையமாக மற்றவை. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் என் ஸ்லைடைப் பார்த்துவிட்டு, "நீயே வெட்டினதா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் சார் என்றேன். மறுபடி ஒருமுறை குனிந்து பார்த்தார்.

இப்போது எம்.எஸ்சி. தாவரவியல் சேர்ந்திருக்கிறேன். அப்பா இன்னும் செடி கொண்டுவருகிறார். போன வாரம் துண்டில் சுற்றி ஒன்று எடுத்து வந்தார், அவருக்கே பெயர் தெரியாதாம். இலை மட்டும்தான் இருந்தது. பூ இல்லாமல் கண்டுபிடிப்பது கஷ்டம், பூத்ததும் சொல்லுங்கள் என்றேன். அது நிற்கும் வரப்பில் மாடு மேயாமல் முள் வெட்டிப் போட்டிருக்கிறாராம்.