மூணு பின் பிளக்

தெருமுனை எலெக்ட்ரிக் கடையில் காலையில் ஒரு காலேஜ் பையன் அயர்ன் பாக்ஸோடு நின்றான். கடைக்காரர் பிளக்கைத் திறந்தார். பச்சை வயர், அதாவது கசியும் கரண்டைத் தரைக்குக் கொண்டுபோகும் எர்த் வயர், எதிலும் மாட்டாமல் சும்மா மடங்கிக் கிடந்தது.

அது இல்லாமலும் அயர்ன் சூடாகும், வேலை செய்யும். உள்ளே கரண்ட் கசிவு வந்தால்தான் தெரியும், கை வைத்தவருக்கு.

பிளக்குக்குள் மூணே திருகுதான். பிரவுன் வயர் ‘எல்’ (லைன்) என்று போட்ட பின்னில், நீலம் ‘என்’ (நியூட்ரல்) பின்னில், பச்சை-மஞ்சள் எர்த் வயர் பெரிய பின்னில். பழைய வயரென்றால் சிவப்பு, கருப்பு, பச்சை.

தோலை அரை இஞ்சுக்கு மேல் சீவாதீர்கள். கம்பி இழை அறுபடாமல் முறுக்கி, திருகு சுற்றும் திசையிலேயே வளைத்து மாட்டினால் இறுக்கும்போது உள்ளே இழுத்துக்கொள்ளும். எதிர்த்திசையில் மாட்டினால் பிதுங்கி வெளியே வரும். லூஸாக விட்டால் சூடாகி பிளக்கே உருகும்.

எர்த் வயரை மட்டும் கொஞ்சம் நீளமாக விடணும். யாராவது ஒயரைப் பிடித்து இழுத்தாலும் அதுதான் கடைசியாகக் கழலணும்.

பத்து நிமிஷ வேலை. பள்ளியில் ஓம் விதி உண்டு, இது கிடையாது!

வயர் நுழையும் இடத்தில் ஒரு கிளிப் இருக்கும். பெரும்பாலும் அதைத்தான் இறுக்க மறக்கிறார்கள். அது வெளித்தோலைப் பிடிக்கணும், உள்வயரை அல்ல.