மாசச் சம்பளத்திலிருந்து மாசிச் சம்பளத்துக்கு

கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்தில் ஓர் அச்சகத்தில் 19 வருஷம் டி.டி.பி. வேலை, அதாவது கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கிற வேலை பார்த்தேன். கல்யாணக் கார்டு, சர்ச் திருவிழா நோட்டீஸ், கோயில் கொடை நோட்டீஸ், நினைவு அஞ்சலி கார்டு. ஒன்றாம் தேதி சம்பளம் கையில் வரும். ஐந்தாம் தேதிக்குள் பலசரக்கு, சீட்டு, ஸ்கூல் பீஸ் என்று பிரிந்து போய்விடும். அதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை என்பதே ஒரு நிம்மதி.

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது. கல்யாணங்கள் நின்றன, கார்டும் நின்றது. மறுபடி திறந்தபோது பாதிச் சம்பளம்தான் முடியும் என்று முதலாளி சொன்னார். எனக்கு அப்போது 43 வயது. மகள் பத்தாம் வகுப்பு, மகன் ஆறு.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ரப்பர் விளை, அதாவது தோட்டம். அதில் தேனீப் பெட்டி வைத்திருந்த பெரியவரை மாமா என்று கூப்பிடுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்குக் கூடமாட உதவி செய்த பழக்கத்தில் நாலு பெட்டி நானும் வைத்திருந்தேன். தேன் எங்கள் ஊருக்குப் புதிதில்லை. 1920களில் மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ.வில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் கிராம முன்னேற்றப் பணியைத் தொடங்கியபோதே பெட்டியில் ஈ வளர்ப்பது அதில் ஒரு பாடமாக இருந்தது. அப்புறம் ரப்பர் பரவியது, அதோடு தேனும் பெருகியது. ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதில்லை. மார்கழி வாக்கில் இலை உதிர்ந்து, தையில் தளிர் வந்து, அது முற்றும்போது மூன்று சிற்றிலைகளும் காம்பில் சேருகிற இடத்தில் இனிப்பு நீர் சுரக்கும். ஈக்கள் மொய்ப்பது அங்கேதான். மாசியும் பங்குனியும்தான் அறுவடை.

வேலையை விட்டுவிட்டுத் தேனீ வளர்க்கப் போகிறேன் என்றதும் மனைவி தையல் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: “விடுறது சரி. ஜூன் மாசம் பீஸுக்கு என்ன செய்வீங்க, அதைச் சொல்லுங்க.”

என்னிடம் பதில் இல்லை. தேனில் கஷ்டம் உண்டு என்று தெரியும். கொட்டு வாங்கிப் பழகியிருந்தேன். ஆனால் பன்னிரண்டு மாதச் செலவுக்கு இரண்டு மாத வரவு என்கிற கணக்கை அந்த நிமிஷம் வரை நான் போட்டுப் பார்த்ததில்லை. நடு வயதில் தொழில் மாறுவதைப் பற்றிப் பேசுகிறவர்கள் தைரியம் தைரியம் என்கிறார்கள். எனக்குத் தைரியத்தைவிட அந்தக் கேள்விதான் உதவியது.

நகையை அடகு வைத்து மாமாவிடமே இருபது பெட்டி ஈயோடு வாங்கினேன். பாதிப் பணம் இப்போது, மீதி தேன் எடுத்த பிறகு. ஐப்பசி, கார்த்திகையில் ஒரு கூட்டத்தை இரண்டாக்கி ஒவ்வொன்றாகப் பிரித்தோம். முதல் பெட்டியைப் பிரித்த காலை நன்றாக நினைவிருக்கிறது. மாமா மூடியைத் திறந்து லேசாகப் புகை விட்டு அடை கட்டிய ஒரு சட்டத்தை எடுத்து வெயிலில் பிடித்தார். அடையின் கீழ் ஓரத்தில் நிலக்கடலைத் தோடு மாதிரி ஒன்று தலைகீழாகத் தொங்கியது. புது ராணி ஈ வளரும் ராணி அறை. “இத மட்டும் நசுக்கிராத மக்கா, இதுதான் அடுத்த பெட்டி” என்றார். அந்தச் சட்டத்தைப் புதுப் பெட்டியில் இறக்கும்போது என் கை நடுங்கியது.

அன்றுதான் தன் கதையைச் சொன்னார். 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்து சாக் புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியா முழுக்க, பெட்டியில் வளர்க்கிற அடுக்குத் தேனீக்களை அழித்தது. புழுக்கள் அறைக்குள்ளேயே நீர் கோத்துச் செத்தன. அவரிடம் ஒரு பெட்டி மிஞ்சவில்லை. சில வருஷம் ரப்பர் பால் வெட்டப் போய், தப்பிய ஈக்களை மரப்பொந்திலிருந்து பிடித்து வந்து மறுபடி தொடங்கியிருக்கிறார். அப்போது அவருக்கும் என் வயதுதான், இரண்டு பிள்ளைகள் வேறு.

முதல் வருஷம் நாற்பது பெட்டியில் 340 கிலோ கிடைத்தது. ஈ மெழுகால் மூடி போட்ட அடையை மட்டும் எடுக்க வேண்டும் என்பதில் மாமா கண்டிப்பு. அவசரப்பட்டால் நீர் அதிகமாகித் தேன் புளித்துவிடும். விற்ற பணம் வந்த இரவு, அச்சகத்தில் மிச்சம் வந்த கல்யாணக் கார்டு கவர்களை மனைவி எடுத்து வந்தாள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு மாதத்தின் பெயர் எழுதிப் பணத்தைப் பிரித்துப் போட்டாள். ஜூன் கவருக்கு மட்டும் இரண்டு பங்கு. ஆகஸ்ட், அக்டோபர் கவர்கள் காலியாகவே இருந்தன. அந்த இரண்டு மாதமும் அவள் தையல் காசில்தான் அடுப்பு எரிந்தது. இதை எங்கே சொன்னாலும் விடாமல் சொல்லுவேன்.

மழைக்காலம் வேறு விதமான சோதனை. வரவு இல்லாத நேரத்தில் ஈக்கும் சாப்பாடு போட வேண்டும். ஆடி, ஆவணியில் வாரம் ஒருமுறை சிரட்டையில் சீனிப்பாகு வைக்காவிட்டால் கூட்டமே பெட்டியை விட்டுப் போய்விடும். தேன் காலத்துக்கு முன்னால் பாகை நிறுத்திவிடுவோம். ரப்பர் தேன் சீக்கிரம் உறையும் தன்மை உள்ளது. அதைப் பார்த்துச் சீனி கலந்த தேன் என்று திருப்பித் தந்தவர்கள் உண்டு. ஒவ்வொருவருக்கும் பொறுமையாக விளக்கம் சொல்லிச் சொல்லித்தான் சில்லறை விற்பனை பிடிபட்டது.

இப்போது 130 பெட்டி. தை மாதம் பாதியை மினி லாரியில் ஏற்றிக் கேரளப் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்குக் கொண்டு போகிறேன். இருட்டி, ஈயெல்லாம் உள்ளே அடங்கிய பிறகு வாசலை அடைத்து ஏற்றி, விடிவதற்குள் இறக்கிவிட வேண்டும். மகள் கல்லூரிக்குப் போன வருஷமும் கவர்கள்தான் கை கொடுத்தன. அடகு வைத்த நகை திரும்பி வர மூன்று வருஷம் ஆனது.

போன வாரம் பழைய அச்சக நண்பர் ஒருவர் போன் செய்தார். வயது 46. வேலையை விட்டுவிட்டு ஐம்பது பெட்டி வாங்கப் போவதாகச் சொன்னார். வேலையை இப்போது விடாதே, ஐந்து பெட்டியோடு ஒரு மழைக்காலத்தைக் கடந்து பார், அதற்குள் ஆறு மாத அரிசிக்குப் பணம் ஒதுக்கு என்றேன். மனைவியிடம் பேசினாயா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன், இரண்டு பேரையும். முழுக்கைச் சட்டை போட்டு, சென்ட் எதுவும் பூசாமல்.