காது கேளாத பெண்ணும் கிதார் வாசிக்கும் பையனும்

கோடை விடுமுறையில் 17 வயதுப் பெண்ணொருத்தியும் அதே வயதுடைய இசைக்கலைஞன் ஒருவனும் விரும்பத் தொடங்கும் கதைகளை நான் தேடித் தேடிப் படிப்பவள். அந்தப் பெண்ணுக்குக் காது கேட்காது என்று தெரியவந்தால், ஆவலோடு கவலையும் சேர்ந்துகொள்ளும். ஏனெனில் என் தங்கை பிறவியிலேயே காது கேளாதவள். பல கதைகளில் அவன் தன் இசையை அவளுக்குக் கொடையாக வழங்குகிறான், அவளும் கண்கலங்கி ஏற்றுக்கொள்கிறாள். அதுவரை அவள் வாழ்க்கை வெறுமையாக இருந்தது என்ற எண்ணத்தை என்னால் ஏற்க முடிவதில்லை.

என் தங்கை கிதாரின் மரப்பெட்டியில் உள்ளங்கையைப் பதித்துக்கொண்டு, என்னைக் கம்பிகளை மீட்டச் சொல்வாள்; தடித்த கம்பியின் அதிர்வு அவள் மணிக்கட்டு வரை ஏறும், மெல்லிய கம்பியோ விரல்நுனியில் கூசிவிட்டு மறைந்துவிடும். புகழ்பெற்ற தாளக்கருவிக் கலைஞரான எவெலின் கிளெனி, 12 வயதிலேயே செவித்திறனைப் பெருமளவு இழந்தவர். தரையின் அதிர்வை உணர்வதற்காக வெறுங்காலுடன் மேடையில் நின்று வாசிப்பவர். பார்வையும் செவித்திறனும் இல்லாத எழுத்தாளர் ஹெலன் கெல்லர் 1924இல் வானொலியின் அதிர்தகட்டில் விரல்களை வைத்து பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியை உணர்ந்து, அதை வாசித்த இசைக்குழுவுக்கு நன்றிக் கடிதமே எழுதினார்.

ஆகவே இத்தகைய காதலில் இசை பெரிய தடையன்று, பேச்சுதான் தடை. உதட்டசைவைப் பார்த்தால் ‘பாடு’ என்பதும் ‘மாடு’ என்பதும் ஒன்றுபோலவே இருக்கும். நண்பர்கள் கூடிச் சிரிக்கும்போது அவள் காரணம் கேட்டால், “ஒன்றுமில்லை, விடு” என்று பதில் வரும். என் தங்கையை இதைவிட வருத்தும் சொல் வேறில்லை. விளக்கணைந்த இடத்தில் சைகை தெரியாது. கிதார் வாசிப்பவனுக்கு வாசிக்கும்வரை இரு கைகளும் ஓய்வதில்லை என்பதால், அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமானாலும் அவன் வாசிப்பை நிறுத்தியாக வேண்டும். அவன் எந்தெந்த நேரத்தில் நிறுத்துகிறான் என்பதிலேயே அவனுடைய அன்பு முழுவதும் தெரிந்துவிடும் என்று நான் நம்புகிறேன்.

காது கேளாதோர் தங்களோடு நெருங்கிப் பழகுபவர்களுக்கு, அவர்களுடைய முகத்தையோ பழக்கத்தையோ வைத்து ஒரு சைகைப் பெயர் சூட்டுவார்கள். கேட்கும் திறனுள்ளவர் அந்தப் பெயரைத் தாமாகவே வைத்துக்கொள்வது முறையன்று. அவன் அவளுடைய மொழியைத் தட்டுத்தடுமாறிக் கற்க, அவள் அவன் விரல்களைப் பிடித்துத் திருத்தி, பிறகு ஒருநாள் அவனுக்கு அப்படியொரு பெயரைச் சூட்டும் கதையை நான் இன்னும் படிக்கவில்லை. யாரேனும் எழுதியிருந்தால் தெரிவியுங்கள். என் தங்கையும் நானும் சேர்ந்தே படிப்போம்.