கெட் தாமதமாக வருகிற இரண்டாம் பாகம்

ஜூன் 7

உர்சுலா லெ குவினின் 'எ விஸார்ட் ஆஃப் எர்த்ஸீ' (1968) முடிந்தது. நல்ல கதைதான். ஆடு மேய்த்த பையன் கெட் மந்திரம் கற்கிறான், வீறாப்பில் ஒரு நிழலை அவிழ்த்துவிடுகிறான், அதற்குப் பயந்து ஓடுகிறான், பிறகு அதையே துரத்துகிறான். கடல் பிரமாதம். ஆட்கள்தான் தீவுக்கு ஒருவராக எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பெண்கள் இன்னும் சீக்கிரம். கூட்டாளி வெட்ச் மட்டும் மனதில் நின்றான்.

ஜூன் 9

அடுத்தது 'தி டூம்ஸ் ஆஃப் அதுவான்' (1971). கடலையும் காணோம், கெட்டையும் காணோம். பாலைவனத்தில் ஒரு கோயில், பெண் பூசாரிகள், ஆண்மை நீக்கப்பட்ட அண்ணகர்கள். தலைமைப் பூசாரி இறந்த இரவில் பிறந்தாள் என்பதற்காக டெனார் என்ற சிறுமியைக் கொண்டுவந்து, செத்தவளே திரும்பி வந்திருக்கிறாள் என்று சொல்லிப் பெயரைப் பறித்துக்கொள்கிறார்கள். இனி அவள் அர்ஹா, விழுங்கப்பட்டவள்.

ஜூன் 10

கோயிலிலுள்ள கல்லறைகளுக்கு அடியில் வெளிச்சமே கூடாது. சுவரைத் தடவி, திருப்பங்களை எண்ணித்தான் சுரங்க வழிகளை அவள் பழகுகிறாள். முதல் புத்தகத்தின் தீவுகளுக்கு எனக்கு வரைபடம் வேண்டியிருந்தது. இங்கே நானும் கூடவே எண்ண ஆரம்பித்துவிட்டேன்.

மூன்று கைதிகளைப் பசியிலும் தாகத்திலும் சாகவிடச் சொல்கிறாள் அர்ஹா. அப்புறம் கெட்ட கனவுகள். ஆசிரியர் அவளுக்காக வக்காலத்து வாங்கவில்லை. சிறுவர் நூல் என்று அமெரிக்காவின் நியூபெரி ஹானர் விருது பெற்ற புத்தகம் இது!

அர்ஹாவோடு வளரும் இன்னொரு பூசாரிப் பெண் பெந்தேவை மிகவும் பிடித்தது. இங்கே உயிரோடு புதைந்து கிடப்பதைவிடப் பன்றி மேய்ப்பவனைக் கட்டிக்கொள்ளலாம் என்கிறாள்.

ஜூன் 12

வந்துவிட்டான் கெட், அதுவும் திருட. அவன் கைத்தடியின் ஒளியில்தான், விரலால் மட்டுமே அறிந்திருந்த அந்தக் குகையை அர்ஹா முதல்முறை பார்க்கிறாள். சுவரெல்லாம் படிகமாக மின்னுகிறது. இத்தனை வருடம் தடவித் திரிந்த இடம் இவ்வளவு அழகா என்று நமக்குத் திக்கென்கிறது. அவளுக்கோ முதலில் கோபம், தீட்டுப்படுத்திவிட்டானே என்று. புத்தகத்தின் உச்சம் இதுதான்.

முதல் பாகத்தில் அவன் தோள்மேலேயே உட்கார்ந்து போனோம். இப்போது சுரங்கத்தில் அவனை அடைத்துவிட்டு, ஓட்டை வழியாக அவளோடு சேர்ந்து பார்க்கிறோம். தண்ணீர் தருவாளா, மாட்டாளா? மந்திரவாதியின் உயிர் ஒரு பெண்ணின் கையில். நிழலைத் துரத்தியபோதுகூட எனக்கு இவ்வளவு படபடப்பு இல்லை.

ஜூன் 13

முடித்தாயிற்று. தப்பி வந்த பிறகும் கத்தியோடு கெட்டை நெருங்குகிறாளே, அதை எழுத ஒரு தைரியம் வேண்டும். விடுதலை கிடைத்ததும் சிரித்துக்கொண்டே கப்பல் ஏறும் ஆள் இல்லை அவள். ஒரே குறை, அவள் அடுத்து என்ன செய்வாள் என்பதை அவன் சொல்லும் யோசனைக்கே விட்டுவிட்டது. 1990இல் வந்த 'தெஹானு'வில் டெனாரிடம் திரும்பிப் போயிருக்கிறார் லெ குவின். நடுவில் 'தி ஃபார்தஸ்ட் ஷோர்' (1972) இருக்கிறது, அது கெட்டின் பயணம். வரிசைப்படிதான் படிக்க வேண்டுமா என்ன? நேரே 'தெஹானு'.