செலிக்காவின் மூன்றாம் கியர்

07.03.2025, வெள்ளி

இந்தக் காரை வாங்கி ஐந்து வாரம்தான் ஆகிறது. 2001ஆம் ஆண்டு டொயோட்டா செலிக்கா, தானாகவே கியர் மாற்றும் நாலு கியர் ஒட்டோ. 2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நின்றதிலிருந்து பழைய கார்களே யானை விலை விற்றன. தடை போன மாதம் நீங்கிவிட்டது, ஆனாலும் புதியது எதுவும் என் கைக்கு எட்டாது. சின்ன வயதிலிருந்து ஆசைப்பட்ட கார் இது.

இன்று களுவாஞ்சிக்குடியில் வேலை முடிந்து வரும்போது, நோன்பு திறக்கிற நேரத்துக் காத்தான்குடி நெரிசலில் அரை மணித்தியாலம் ஊர்ந்தேன். நெரிசல் கழிந்து நாவற்குடாப் பக்கம் மிதித்தால், இரண்டாம் கியரிலேயே நின்றுவிட்டது. வேகம் 60, எஞ்சின் 4,000 சுற்றில் கத்துகிறது, மூன்றாம் கியர் விழவே இல்லை. எஞ்சின் லைற்றும் எரிந்தது. கல்லடி வீடு வரை அப்படியே உருட்டி வந்தேன்.

தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்ப ஸ்டார்ட் பண்ணி ஒரு சுற்று போனேன். லைற் அணையவில்லை. ஆனால் கியர் எல்லாம் ஒழுங்காக விழுகிறது!

08.03.2025, சனி

டவுனில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். கியர் ஒயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கைக்கூட இழுத்துப் பார்க்கவில்லை. "கியர்பொக்ஸ் முடிஞ்சுது, பஞ்சிகாவத்தையில ரீகண்டிஷன் ஒண்டு எடுத்துப் போடுவம்" என்றார்கள். பஞ்சிகாவத்தை என்றால் கொழும்பில் வாகன உதிரிப்பாகம் விற்கிற இடம். சொன்ன தொகை என் மூன்று மாதச் சம்பளம். பார்க்காமலே தீர்ப்புச் சொன்னதுதான் எனக்குப் பெரிய மனவருத்தம்.

09.03.2025, ஞாயிறு

நானே தொடங்கினேன். ஒட்டோ கியர் ஒயிலைக் குளிரில் பார்த்தால் அளவு பிழைக்கும். காரை ஓட்டிச் சூடாக்கி, சமதரையில் நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடி லீவரை எல்லா இடத்துக்கும் ஒரு முறை கொண்டுபோய் மீண்டும் பி-யில் (பார்க்கிங்) விட்டு, எஞ்சின் ஓடும்போதே டிப்ஸ்டிக்கை இழுக்க வேண்டும்.

போன நவம்பர் வெள்ளத்தில் நின்ற காரோ என்ற பயம் எனக்கு உள்ளூர இருந்தது. தண்ணீர் புகுந்திருந்தால் ஒயில் ரோஸ் பால் மாதிரி கலங்கியிருக்கும். அப்படி இல்லை. அளவு சரி. நிறம் சிவப்பு மங்கிக் கபிலமாகிவிட்டது, ஆனால் கருகிய வாடை இல்லை. கிளச் தட்டுகள் எரிந்திருந்தால் மூக்கே சொல்லிவிடும். ஒயில் பழசு, அவ்வளவுதான்.

13.03.2025, வியாழன்

போயா (பௌர்ணமி) லீவு. காத்தான்குடியில் எனக்குத் தெரிந்த நானா (முஸ்லிம் அண்ணன்) ஒருவர் வாகன வயரிங் வேலை செய்கிறவர். நோன்போடு இருந்தும் காலையிலேயே வரச் சொன்னார். நடந்ததைச் சொன்னதும் அவர் கேட்ட ஒரே கேள்வி: "தம்பி, கிளச் தேஞ்சா சாவியத் திருப்பினாப் போல ஆறுமா?"

அது எனக்கு உறைக்கவே இல்லை. கியர் மாற்ற ஒயில் வழியைத் திறந்து மூடும் மின் வால்வுதான் சொலினொயிட். காரின் கொம்பியூட்டர் அதன் வயரில் கோளாறு கண்டால் பாதுகாப்புக்காகச் சில கியர்களை விட்டுவிட்டு ஓடும். எஞ்சினை நிறுத்தி எடுத்தால் மறுபடி முதலிலிருந்து பார்க்கும், அந்த நேரம் வயர் தொட்டுக்கொண்டிருந்தால் எல்லாம் சரி என்று நினைத்துக்கொள்ளும்.

கோளாறு இலக்கம் காட்டும் ஸ்கேனரைச் செருகினார். பி0758. இரண்டாவது ஷிஃப்ட் சொலினொயிட்டின் மின்சுற்றில் கோளாறு என்று அர்த்தம். அப்புறம் மின்தடை அளக்க மல்டிமீற்றர். டொயோட்டாவின் இந்தச் சொலினொயிட்டுக்கு 11 முதல் 15 ஓம் வரை காட்ட வேண்டும். கியர்பொக்ஸ் பிளக்கில் வைத்தால் 12.8. அப்படியென்றால் உள்ளே சொலினொயிட் நல்லது! கொம்பியூட்டர் பக்கத்து முனையிலிருந்து அளந்தால் முதலில் அதே அளவுதான். நானா வயர்க் கட்டைப் பிடித்து மெல்ல ஆட்டினார், மீற்றர் அறுந்த வயர் போலக் காட்டியது. விட்டார், 12.8. ஆட்டினார், அறுந்தது.

பட்டறித் தட்டைக் கழற்றினோம். அதன் கீழே பிளக்குக்குள் ஒரு பின் பச்சை பூத்து, அதற்குப் போகிற வயரின் செம்பு தூளாக உதிர்கிறது. ஒருபக்கம் கடல், மறுபக்கம் வாவி. எங்கள் உப்புக்காற்று இரும்பையே விடாது, செம்பு எம்மாத்திரம். நல்ல செம்பு தெரியும் வரை வெட்டி, புதுத் துண்டு வைத்துப் பற்றாசு பிடித்து, மேலே சுருங்கும் குழாய் போட்டார். கூலியைக் கேட்டு எனக்கே வெட்கமாகிப்போய்க் கூட்டிக் கொடுத்தேன்.

16.03.2025, ஞாயிறு

ஒயில் மாற்றினேன். கீழ்த்தட்டின் காந்தங்களில் சாம்பல் நிறக் களிம்பு மட்டும் இருந்தது. அது வயதுக்கு வழமை. இரும்புச் சிதறல் இருந்திருந்தால்தான் நெஞ்சு அடைத்திருக்கும். வடித்தால் மூன்று லீற்றர் அளவுதான் இறங்கும், மிச்சம் எஞ்சினையும் கியர்பொக்ஸையும் ஒயிலால் இணைக்கிற டோர்க் கன்வேட்டரில் தங்கிவிடும். அதனால் டைப் டி-4 ஒயிலை இன்று ஒரு தரம், 1,000 கிலோமீற்றர் கழித்து இன்னொரு தரம் ஊற்றுவேன்.

பின்னேரம் கல்முனை வரை போய் வந்தேன். வேண்டுமென்றே நோன்பு திறக்கிற நேரமாகப் பார்த்துக் காத்தான்குடிக்குத் திரும்பி, பேரீச்ச மரங்களுக்குப் பக்கத்தில் அதே நெரிசலில் ஊர்ந்தேன். நாவற்குடாவில் மிதித்தேன். இரண்டு, மூன்று, நாலு. லைற் எரியவில்லை.

புதுப் பிளக் ஒன்று பஞ்சிகாவத்தையில் சொல்லி வைத்திருக்கிறேன். பெருநாள் முடிந்து வந்தால் நானாவிடமே கொண்டுபோவேன்.